இருளும் ஒளியும்: எதிர்ச்சாயத்தின் கதை

பகற்பொழுதில் வானத்து விண்மீன்கள் இல்லாமற் போவதில்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆயினும் கதிரவன் ஒளியால் நிறைந்த வானம் அவற்றை மறைத்துவிடுகின்றது. காணவேண்டிய பொருள் கண்ணெதிரே இருப்பினும், பின்புலம் பொருந்தாவிடின் அது புலப்படுவதில்லை. இந்த எளிய உண்மை, நுணுக்குக்காட்டியின்கீழ் நோய்க்குறிகளைத் தேடிய அறிஞரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அலைக்கழித்தது. தேடும் பொருளுக்கு ஒரு சாயம், அது கிடக்கும் இடத்திற்கு வேறொரு சாயம் எனத் தெரிந்தெடுக்கும் கலை அந்த அலைச்சலிற் பிறந்ததாகும். இரண்டாவதாக இடப்படும் சாயத்துக்கு எதிர்ச்சாயம் என்று பெயர். ஏவலாளைப்போற் பின்னால் நிற்கும் இச்சாயம், சிலவேளைகளில் ஓர் உயிரின் தீர்ப்பையே மாற்ற வல்லது.

1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் திகதி பேர்லின் நகரத்து உடற்றொழிலியற் கழகத்தில் ரொபேட் கொக் என்னும் மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். மனிதருள் ஏழிலொருவர் சயரோகத்தால் மாள்வதாக அக்காலத்தவர் கணக்கிட்டிருந்தனர். அந்நோயை விளைவிக்கும் கிருமியைத் தாம் கண்டுவிட்டதாகக் கொக் அன்று அறிவித்தார். அதுவரை எத்தனையோ பேர் அதே இழையங்களை உற்று நோக்கியிருந்தும் கிருமியைக் காணாதது ஏன்? கிருமி மிக மெல்லியது. சுற்றியுள்ள கலங்களின் நிறத்தோடு அதன் நிறமும் கலந்து கிடந்தது. கொக் முதலில் மெதிலீன் நீலத்தால் அனைத்தையும் நீலமாக்கினார். பின்னர் வெசுவின் என்னும் கபில நிறச் சாயத்தை இட்டார். இழையம் முழுவதும் நீலத்தை இழந்து கபிலமாயிற்று. கிருமி மாத்திரம் நீலத்தை விடாது பற்றி நின்றது. கபில நிலத்தில் நீலக் கோடுகள்! உலகம் சயரோகக் கிருமியைக் கண்டது முதற்சாயத்தால் மட்டுமன்று; இரண்டாஞ் சாயம் விலகி நின்று வழிவிட்டமையாலுமே.

சாதாரண ஒளியில் இரு சாயங்களும் வெண்ணிறப் பின்னணியில் நிற்கும். ஆதலின் நீலத்திற்குக் கபிலம், ஊதாவுக்கு இளஞ்சிவப்பு என நிறவேறுபாடு ஒன்றையே நோக்கித் தெரிவு செய்தல் போதும். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நுணுக்குக்காட்டிக்குள் வேறோர் உலகம் திறந்தது. அங்கே பின்னணி வெண்மையன்று, இருள். பொருள்கள் ஒளியைத் தடுத்து நிறங்காட்டுவதில்லை, தாமே ஒளிர்கின்றன. இவ்வுலகத்தில் எதிர்ச்சாயத்தைத் தெரிதல் புதியதொரு சிக்கலாயிற்று.

இதன் அடிப்படையை முதலில் விளக்கியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்ரோக்ஸ் ஆவார். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்படும் கொயினாக் கரைசலைக் கண்ணுக்குப் புலப்படாத ஊதாக்கடந்த கதிரில் வைத்தபோது அது நீலமாக ஒளிர்ந்தது. குறுகிய அலைநீளமுள்ள ஒளியை உட்கொண்டு, அதனினும் நீண்ட அலைநீளமுள்ள ஒளியைப் பொருள் வெளிவிடுகின்றது என்று 1852இல் அவர் நிறுவினார். இவ்வாறு ஒளிரும் கனிப்பொருளாகிய புளோர்ஸ்பாரின் பெயரைக்கொண்டே அந்நிகழ்ச்சிக்குப் பெயரும் இட்டார். தமிழில் அது புளோரொளிர்வு எனப்படும். 1871இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் அடோல்ப் வொன் பேயர், நீலக் கதிர் பட்டவுடன் பச்சையாய்ச் சுடரும் புளோரசீன் என்ற சாயத்தைத் தொகுத்தளித்தார்.

நுணுக்குக்காட்டியில் இவ்வொளி முதலில் தோன்றியபோது அதனை எவரும் வரவேற்கவில்லை. யேனா நகரத்துச் சைஸ் தொழிலகத்தைச் சேர்ந்த ஓகஸ்ற் கோலர், 1904ஆம் ஆண்டளவில் ஊதாக்கடந்த கதிரைப் பயன்படுத்தி மேலும் நுண்ணிய உருவங்களைப் பெற முயன்றார். இழையங்கள் தாமே மங்கலாக ஒளிர்ந்து அவருடைய உருவங்களைக் கெடுத்தன. ஒருவருக்குத் தொல்லையாயது மற்றவருக்குக் கருவியாயிற்று. 1911ஆம் ஆண்டளவில் ஒஸ்கார் ஹைம்ஸ்ரெட் அவ்வொளிர்வைக் காண்பதற்கென்றே ஒரு நுணுக்குக்காட்டியை அமைத்தார். 1930களில் வியன்னாவைச் சேர்ந்த மக்ஸ் ஹைற்றிங்கர், ஒளிராத இழையங்களுக்கும் ஒளிரும் சாயங்களை ஊட்டி ஒளிரச் செய்யும் முறைகளை வகுத்தார்.

ஆயினும் கோலரைத் தொல்லைப்படுத்திய இழையத்தின் தன்னொளிர்வு மறைந்துவிடவில்லை. குருதிக்குழாய்ச் சுவரிலுள்ள மீள்சக்தி நார்கள் நீலம் கலந்த பச்சையாக ஒளிரும். முதிய நரம்புக் கலங்களிற் சேரும் மூப்பு நிறப்பொருள் மஞ்சளும் செம்மஞ்சளுமாக ஒளிரும். இழையத்தைக் கெடாது காக்கப் பயன்படும் போமலினும் தன் பங்கிற்கு ஓர் ஒளிப்படலத்தைச் சேர்க்கும். நுணுக்குக்காட்டியின் இருள் உண்மையில் முழு இருளன்று. வைகறை வானம் போன்றது. மங்கலான விண்மீன்கள் அங்கே இலகுவில் மறைந்துவிடும்.

இம்மறைப்பை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் அமெரிக்க மருத்துவர் அல்பேட் கூன்ஸ். 1939ஆம் ஆண்டுக் கோடையில், போர் மூளும் வேளையில், அவர் பேர்லின் நகருக்குச் சென்றிருந்தார். வாதக் காய்ச்சலில் இதயத்திற் காணப்படும் சிறு முடிச்சுகள் அவர் சிந்தையை நிறைத்திருந்தன. அந்நோயை விளைவிக்கும் பொருள் அம்முடிச்சுகளுள் உள்ளதா என்பதை அறிய வழியில்லையா? நோய்ப்பொருளைத் தேடிச் சென்று பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி என்னும் புரதத்தை உடலே ஆக்குகின்றது. அப்புரதத்தின் மீது கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தைக் கட்டிவிட்டால், அது சென்று அமரும் இடமே நோய்ப்பொருள் இருக்குமிடம் அன்றோ? 1934இல் ஆங்கிலேய அறிஞர் ஜோன் மராக் சிவப்புச் சாயமொன்றைப் பிறபொருளெதிரியோடு இணைத்திருந்தார். ஆனால் அந்நிறம் இழையச் சீவலிற் காண்பதற்குப் போதாத அளவு மங்கலானது. சாதாரண நிறம் போதாதெனில் ஒளிரும் சாயத்தைக் கட்டவேண்டும் என்பது கூன்ஸின் துணிபு.

ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலாளரின் துணையோடு அவர் முதலிற் கட்டியது அந்திரசீன் சார்ந்த ஒரு சாயம். 1941இல் வெளியான கட்டுரையின்படி, அச்சாயம் பூண்ட பிறபொருளெதிரி நியூமோனியாக் கிருமிகளை நீலமாக ஒளிரச் செய்தது. கண்ணாடி வழுக்கியின்மீது தனித்துக் கிடந்த கிருமிகளில் அது வெற்றியே. ஆனால் இழையச் சீவலில் அந்நீலம் பயனற்றுப்போயிற்று. இழையமும் நீலமாகவே ஒளிர்ந்தமையால், தேடியது எது, தேடாதது எது என்று பிரித்தறிய முடியவில்லை. வீட்டார் அனைவரும் ஒரே நிற ஆடை உடுத்த மணவீட்டில் மணமகனைத் தேடியது போலாயிற்று. கூன்ஸ் தமது சாயத்தை மாற்றினார். பச்சையாய் ஒளிரும் புளோரசீனை இணைத்து, 1942இல் நோயுற்ற இழையங்களுள் நியூமோனியாக் கிருமியின் பொருளைக் காட்டினார். இழையத்தின் நீல மங்கலிற் பச்சை தனித்து நின்றது; மனிதக் கண்ணும் பச்சை ஒளியையே மிக நுட்பமாக உணர்வது. போர்ப் பணிக்குப்பின் அவர் திரும்பிவந்து செம்மை செய்த முறை 1950இல் வெளிவந்தது. 1958இல் புளோரசீனை எளிதாகப் புரதத்தோடு இணைக்கும் உறுதியான தூளொன்று உருவானதும் அது உலகெங்கும் பரவிற்று.

கூன்ஸின் தோல்வியும் வெற்றியும் ஒரு பாடத்தைக் கற்பித்தன. ஒளிர்வு உலகில் எதிர்ச்சாயத்தைத் தெரியுமுன்னர், இழையம் தானே எந்நிறத்தில் ஒளிர்கின்றது என்று அறியவேண்டும். எவரும் இடாத எதிர்ச்சாயம் ஒன்று அங்கே ஏற்கெனவே இருக்கின்றது.

பழைய பழக்கத்தில் ஊறியவர்கள் இங்கே இடறினர். சாதாரணச் சீவல்களில் கலக்கருவுக்கு ஹீமற்றொக்சிலினும் எஞ்சிய பகுதிகளுக்கு ஈயோசினும் இடுதல் ஆய்கூடங்களின் நாளாந்த வழக்கம். ஈயோசின் வைகறைத் தேவதையின் பெயரைப் பெற்ற அழகிய செந்நிறச் சாயம். ஆனால் அது புளோரசீனின் உடன்பிறப்பு. புளோரசீனோடு புரோமீன் சேர்த்துப் பெறப்படுவது. ஆகவே நீலக் கதிரில் ஈயோசினும் பச்சை மஞ்சளாக ஒளிரும். புளோரசீன் பூண்ட பிறபொருளெதிரியைத் தேடும் சீவலில் ஈயோசினை இடுவது, விளக்கைத் தேடுபவர் வீட்டுக்குத் தீ மூட்டுவது போன்றதாகும். பகலொளியிற் சிவப்பாகத் தோன்றும் சாயம் இருளில் எந்நிறத்தில் ஒளிரும் என்பதைப் போத்தலின் நிறம் சொல்வதில்லை.

இச்சிக்கலுக்கு வரலாற்றில் மூன்று விடைகள் அடுத்தடுத்துத் தோன்றின. முதலாவது, பின்புலத்தை அணைத்துவிடுதல். சயரோகக் கிருமியை ஓரமீன் என்னும் மஞ்சட் சாயத்தால் ஒளிரச் செய்யும் முறை 1930களின் பிற்பகுதியில் வந்தது. அம்முறையிற் பின்னர் இடப்படும் பொற்றாசியம் பரமங்கனேற்று தான் ஒளிர்வதில்லை. சுற்றியுள்ள பொருள்களின் ஒளியை அணைக்கின்றது. கரிய நிலத்தில் பொன்மஞ்சட் கோடுகளாகக் கிருமிகள் தோன்றும். ஆனால் குறித்த சில நிமிடங்களுக்கு மேல் விட்டுவைத்தால் அது கிருமியின் ஒளியையும் அணைக்கத் தொடங்கும்.

இரண்டாவது விடை, பின்புலத்தை வேறு நிறத்தில் ஒளிரச் செய்தல். 1959இல் ஸ்மித், மார்ஷல், ஈவ்லண்ட் என்ற மூவர், ரோடமீன் என்னும் செம்மஞ்சட் சாயத்தை மாட்டுக் குருதியின் அல்புமின் புரதத்தோடு இணைத்து இழையங்களில் இட்டனர். பச்சையைத் தேடும் இடத்தில் பின்புலம் முழுவதும் செம்மஞ்சளாயிற்று. எளிமையும் மலிவும் மிக்க எவன்ஸ் நீலமும் இப்பணியிற் புகுந்தது. வைற்றமின் ஈயைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஹேபேட் எவன்ஸின் பெயரைக்கொண்ட இச்சாயம், உடலிலுள்ள குருதியின் கனவளவை அளப்பதற்கு நெடுங்காலம் பயன்பட்டது. பெயரிலும் போத்தலிலும் அது நீலம். புரதத்தைப் பற்றிக்கொண்டு நுணுக்குக்காட்டியின் இருளில் ஒளிரும்போது அது சிவப்பு. இழையத்தின் பச்சை மஞ்சள் மங்கலை மூடி, ஆழ்ந்த சிவப்பு நிலத்தை விரித்து, அதில் புளோரசீனின் இளம்பச்சையை எடுத்துக்காட்ட அது பெரிதும் உதவிற்று.

அவ்வுதவியின் விலையையும் இடரையும் நீர்வெறுப்பு நோயின் கதை தெளிவாகக் காட்டும். விசர்நாய்க் கடியின் அச்சம் இலங்கையர் நன்கறிந்தது. நோய்க்குறி தோன்றிய பின்னர் அந்நோயிலிருந்து பிழைப்பவர் மிக அரியர். கடித்த நாய்க்கு நோய் இருந்ததா என்பதை அதன் மூளையை ஆராய்ந்தே துணியவேண்டும். 1903இல் இத்தாலிய அறிஞர் அடெல்கி நெக்ரி நரம்புக் கலங்களுள் கண்ட சிறு பொருள்கள் நெடுங்காலம் சான்றாக நின்றன. எனினும் நோயுற்ற எல்லா நாய்களிலும் அவை காணப்படுவதில்லை. ஐயம் நீங்குவதற்கு எலிகளின் மூளையிற் செலுத்தி வாரக்கணக்கிற் காத்திருக்கவேண்டும். 1958இல் கோல்ட்வாசர், கிஸ்லிங் என்ற இருவர் கூன்ஸின் முறையை இந்நோய்க்குப் பொருத்தினர். வாரங்களில் வந்த விடை சில மணித்தியாலங்களில் வந்தது. நாயின் மூளையிலிருந்து ஒற்றியெடுத்த வழுக்கியில் நோய் இருப்பின் பச்சைப் பொட்டுகளும் தூசிபோன்ற துகள்களும் சுடர்ந்தன.

இங்கே எதிர்ச்சாயமாக எவன்ஸ் நீலம் இடப்படுவதுண்டு. அளவாக இட்டால், மூளை இழையத்தின் தன்னொளிர்வு சிவப்பால் மூடப்படும். பச்சைத் துகள் ஐயமின்றித் தெரியும். அளவு மிஞ்சினாலோ சிவப்பு வெள்ளமாகி, மங்கலான பச்சைத் துகள்களை விழுங்கிவிடும். பார்ப்பவர் எத்துணை கூர்ந்து நோக்கினும் வழுக்கி வெறுமையாகவே தோன்றும். ‘நோய் இல்லை’ என்று அறிக்கை எழுதப்படும். கடியுண்ட குழந்தைக்கு இட்டுவந்த தடுப்பூசியும் நிறுத்தப்படக்கூடும். அழகிய சிவப்பு நிலத்தை விரும்பி ஒரு துளி கூட்டியதன் விலை ஓர் உயிராகலாம். இதனாலேயே தேர்ந்த ஆய்கூடங்கள், நோயுண்டென்று ஏற்கெனவே அறிந்த மூளையையும், நோயில்லை என்று அறிந்த மூளையையும் அதே சாயத்தில் அதே நாளில் உடன்வைத்து நோக்குகின்றன. அறிந்த பச்சை தெரியும் வழுக்கியே அறியாத வழுக்கிக்குச் சாட்சி.

மூன்றாவது விடைக்குக் கருவியின் மாற்றம் வழிவகுத்தது. லெனின்கிராட்டில் புறும்பேர்க் 1959இல் விளக்கிய அமைப்பைத் தொடர்ந்து, 1967இல் ஒல்லாந்தரான யோகான் புளூம் மேலிருந்து ஒளியைச் செலுத்தும் முறையை விரிவாக்கினார். ஒருவகை ஒளியைத் திருப்பி மற்றொருவகை ஒளியைக் கடத்தும் ஆடிகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றத்தக்கவாறு அமைத்தார். ஒரே சீவலை, கையால் ஓர் ஆடியை நகர்த்தி, முதலிற் பச்சையிலும் பின்னர் நீலத்திலும் பின்னர் சிவப்பிலும் தனித்தனியாகக் காண இயன்றது. எதிர்ச்சாயம் இனித் தேடும் பொருளோடு ஒரே காட்சியில் முட்டிமோத வேண்டியதில்லை. தன் முறை வரும்வரை மறைந்திருக்கலாம். பின்புலத்தை அணைப்பதும் மூடுவதும் அதன் தொழிலாக இருந்த நிலை மாறிற்று. கலங்கள் எங்கே உள்ளன என்று காட்டும் நிலப்படமாக அது உயர்ந்தது.

அந்நிலப்படத்தை வரையும் சாயங்கள் வந்த வழி வியப்புக்குரியது. ஆபிரிக்காவில் மனிதரையும் மாடுகளையும் கொல்லும் உறக்கநோயின் கிருமி திரிப்பனசோம் எனப்படும். அதனை ஒழிக்கும் சாயமொன்றைத் தேடிய போல் ஏர்லிக், ஷீகா ஆகியோர் 1904இல் திரிப்பான் சிவப்பைக் கண்டனர். அதே தேட்டத்தில் தோன்றியது திரிப்பான் நீலம். எவன்ஸ் நீலமோ திரிப்பான் நீலத்தோடு ஒரே அணுக்களை அதே எண்ணிக்கையிற் கொண்டு, அமைப்பால் மட்டும் வேறுபடுவது. 1950களில் மாடுகளின் அந்நோய்க்கு மருந்தாக வந்தது எதிடியம். அதன் நெருங்கிய உறவே கலக்கருவைச் சிவப்பாக்கும் புரொப்பிடியம். 1971இல் ஜேர்மனியின் ஒற்றோ டான் என்பவரின் ஆய்கூடத்தில் அதே நோய்க்கு மருந்து தேடுகையில் ஒரு பொருள் தொகுக்கப்பட்டது. மருந்தாக அது வெற்றி பெறவில்லை. ஆனால் கலக்கருவிலுள்ள மரபுப்பொருளோடு இணைந்தவுடன் அதன் ஒளிர்வு ஏறத்தாழ 20 மடங்கு பெருகிற்று. உலகெங்கும் இன்று டாப்பி என்று அழைக்கப்படும் நீல எதிர்ச்சாயம் அதுவே. நோயாளியைக் குணப்படுத்தத் தவறிய பொருள், நோயைக் காட்டும் பணியில் நிலைத்துவிட்டது.

டாப்பியின் சிறப்பு நிறத்தில் மட்டும் அடங்கியதன்று. அதனை ஒளிரச் செய்வது ஏறத்தாழ 358 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஊதாக்கடந்த கதிர்; அது வெளிவிடும் நீலம் ஏறத்தாழ 461 நனோமீற்றர். புளோரசீனோ ஏறத்தாழ 495இல் ஒளியை உட்கொண்டு 519இற் பச்சையை வெளிவிடும். இரண்டிற்கும் இடையில் வேலி போட இடமுண்டு. மேலும், கருவைப் பற்றாத டாப்பி மிக மங்கலாகவே ஒளிர்வதால், கலங்களின் இடைவெளிகள் இருளாகவே நிற்கும். ஆயினும் அதுவும் எங்கும் பொருந்துவதன்று. தேடும் பொருளே நீலமாக ஒளிருமாயின் டாப்பியை விலக்கிப் புரொப்பிடியத்தை நாடவேண்டும். புரொப்பிடியமோ கருவின் மரபுப்பொருளை மட்டுமன்றி ஆர்.என்.ஏ.யையும் பற்றும், அதனை முன்னரே நொதியத்தால் நீக்காவிடின் கருவுக்கு வெளியேயும் சிவப்புப் படரும். செந்நிறச் சாயம் பூண்ட பிறபொருளெதிரியோடு அதனைச் சேர்த்தால் கூன்ஸின் நீலத்துக்கு நேர்ந்த கதியே நேரும். முதிய மூளையின் மூப்பு நிறப்பொருள் பல நிறங்களிலும் ஒளிர்வதால், அங்கே எந்நிறத்துக்கு ஓடினாலும் தப்ப முடியாது. சூடான் கறுப்பு என்னும் சாயத்தால் அதனை மறைக்கும் பழைய வழியே கைகொடுக்கும்.

1882 தொடங்கி வந்த இந்நெடும் பட்டறிவிலிருந்து ஆய்கூடங்கள் நான்கு வினாக்களை வகுத்துக்கொண்டன. தேடும் பொருள் எந்நிறத்தில் ஒளிரும்? சாயமிடாத இழையம் தானே எந்நிறத்தில் ஒளிர்கின்றது? இவ்விரண்டுக்கும் விலகிய நிறம் எது, அதனைப் பிரித்துக் காட்டும் ஆடியும் வடிகட்டியும் கருவியில் உள்ளனவா? இறுதியாக, எதிர்ச்சாயத்தை எவ்வளவு குறைத்தும் இழையத்தின் வடிவை இனங்காணலாம்? முதல் மூன்று வினாக்களுக்கும் நூல்களில் விடையுண்டு. நான்காவதற்கு விடை, சாயத்தை நீர்த்து நீர்த்து இட்டு, அறிந்த சீவல்களோடு ஒப்புநோக்கிக் காண்பவரின் பொறுமையிலேயே உண்டு.

பாடகருக்குச் சுருதி எவ்வாறோ, தேடும் பொருளுக்கு எதிர்ச்சாயம் அவ்வாறே. சுருதியின்றிப் பாட்டு நிலைகொள்ளாது. சுருதியே ஓங்கி ஒலித்தாற் பாட்டுக் கேளாது. கொக்கின் கபிலச் சாயமும், கூன்ஸ் கைவிட்ட நீலமும், எவன்ஸின் சிவப்பும், உறக்கநோயின் மருந்தாகாத டாப்பியும் உணர்த்துவது அந்த ஓர் உண்மையையே. கதிரவன் மறைந்து வானம் இருளும்போது விண்மீன்கள் புதிதாகப் பிறப்பதில்லை. அவற்றைக் காண்பதற்கு வானம் இடங்கொடுக்கின்றது, அவ்வளவே.